கவிழ்த்து வைத்த கல்

இது பகலில் நடந்தது. வெயில் இருந்தது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கம் இல்லை. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் எல்லாரும் இவற்றைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

நான் வேணி. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் வட்டார வரலாற்று மன்றத்துக்குச் செயலாளர். மன்றம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஊருக்குப் போகும் சில பேர், அவ்வளவுதான். பள்ளிக்கூட வராண்டாவில் மக்களைக் கூட்டுவோம். படம் காட்டுவோம். உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப் எண் கொடுப்போம். படங்கள் வரும். பெரும்பாலும் மைல்கல், ஆட்டுக்கல். ஒருவர் தன் மாமியார் படத்தை அனுப்பி, ‘இதுவும் பழசுதான், எடுத்துக்கொள்வீர்களா’ என்று கேட்டிருந்தார்.

ஆனால் நல்ல கல்லும் கிடைக்கும். துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த நடுகல்லை மீட்டிருக்கிறோம். மாட்டுக் கொட்டகையில் படியாகப் போட்டிருந்த கல்வெட்டை மீட்டிருக்கிறோம். அந்த ஊர்க்காரர்களே அவற்றுக்கு மேடை கட்டிக் காத்து வருகிறார்கள். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

தலைவர் தென்னரசு உரக்கடை வைத்திருப்பவர். சோழர் கால எழுத்தைத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டவர். அவர் வகுத்த விதி ஒன்று இருக்கிறது. முதலில் ஊரைக் கேட்க வேண்டும். பிறகுதான் கல்லைப் படிக்க வேண்டும். இந்தக் கல்லை யார் வைத்தது, ஏன் வைத்தது, இங்கே என்ன சொல்கிறார்கள். இதைக் கேட்ட பிறகே தண்ணீரும் தூரிகையும் வெளியே வரும்.

ஒரு கல்லுக்கு மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு படம் வந்தது. பெருமுக்கல் தாண்டி ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னக் கல்லறையின் மேல் பலகைக் கல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் எழுத்து.

தென்னரசு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“டீச்சர், ‘தூம்பு’ன்னு இருக்கு. ஏரித் தூம்பு, அதாவது மதகு. ஓரத்துலயே இவ்ளோன்னா அடியில முழுசா இருக்கும். நாளைக்கே போறோம்.”

போனோம். தோட்டத்தின் முன்பக்கம் சிமெண்டு கல்லறைகள், பளிங்குச் சிலுவைகள். பின்பக்கம், முள்வேலி ஓரத்தில், மண் மேடுகள். அங்கே புதைக்கப்பட்டவர்களுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை என்பது பார்த்தாலே தெரியும். அந்தக் கல் அங்கேதான் இருந்தது.

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சவரிராயன் எங்களைக் கூட்டிப் போனார். வயதானவர். வாய் சும்மா இராது.

“மனுசனத் தேடி இந்தப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்ல. கல்லத் தேடி வண்டி புடிச்சிக்கினு வந்துட்டீங்க” என்றார்.

“கல்லுதாங்க பொய் சொல்லாது” என்று தென்னரசு சிரித்தார்.

“அப்ப உரக்கடைய மூடிட்டுக் கல்லு விக்கலாமே.”

தென்னரசு குனிந்து விளிம்பைத் தடவினார்.

“தொடாதீங்க. சூசை மேரியோட புள்ள உள்ள கீறான். ஜோஸ்வின்னு. அவளக் கேட்டுத் தொடுங்க.”

சூசை மேரி மல்லாட்டை பிடுங்கும் வேலையிலிருந்து வந்தார்; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முழங்கை வரை மண். முப்பது வயதுதான் இருக்கும். தள்ளி நின்றார். தென்னரசு விளக்கினார். ஆயிரம் வருடம், ஊருக்குப் பெருமை, மாணவர்கள், பத்திரிகை. மேரி பேச்சைக் கேட்டபடி கல்லையே பார்த்தார்.

“எடுத்துக்கினு போனா திருப்பிக் குடுத்துடுவீங்களா?”

“குடுக்காம? எங்களுக்கு எதுக்கும்மா? எழுத்த தாள்ல படி எடுப்போம், பசங்களுக்குக் காட்டுவோம், கொண்டாந்து வச்சிடுவோம்.”

“கல்லறைத் திருநாளுக்குள்ள வேணும்.”

நவம்பர் இரண்டு. இறந்தவர்களுக்கான நாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

“கண்டிப்பா” என்றேன். சொன்னது நான்தான். தென்னரசு இல்லை.

“அங்கயும் கவுத்தே வைங்க டீச்சர். மல்லாத்தக் கூடாது.”

“சரி மேரி.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவாரோ என்ற பயம். தென்னரசு அதற்குள் விளிம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான்கு பேர் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி திரும்பும்போது பார்த்தேன். மேரி அந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கற்களாக வைத்துக்கொண்டிருந்தார். இடம் தெரிய வேண்டுமே.

திண்டிவனத்தில் ரயில் பாதை ஓரமாக, முன்பு டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடந்த ஹால் ஒன்றை மன்றம் வாடகைக்கு எடுத்திருந்தது. அங்கே இரண்டு மரக்கட்டைகள் மேல் கல்லை வைத்தோம். அன்று மாலையே மல்லாத்தினோம். மல்லாத்தாமல் எப்படிப் படிப்பது?

முழுக் கல்வெட்டு. ஏரிக்குத் தூம்பு அமைத்து, அதைப் பராமரிக்க நிலம் விட்ட ஒருவரின் பெயர். இந்தத் தர்மம் காத்தவன் பாதம் என் தலை மேல் என்று முடிந்தது. வகுப்பில் அந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

செய்தித்தாளில் வந்தது. பள்ளிகள் கேட்டன. நவம்பர் இரண்டாம் வாரத்தில் மாணவர்களுக்கு மரபு நாள் என்று முடிவானது. பிளெக்ஸ் அடித்தோம். கண்டெடுத்த இடம் என்பதற்கு எதிரே ‘ஏரிக்கரை’ என்று போட்டார் தென்னரசு. கல்லறை என்று போட்டால் நன்றாக இருக்காது என்றார். பிழை திருத்தியது நான். அதை நான் திருத்தவில்லை.

அக்டோபர் கடைசியில் மேரி பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு பை.

“டீச்சர், கல்லு?”

“இன்னும் பத்தே நாள் மேரி. பசங்களுக்குக் காட்டிட்டு நானே கொண்டாறேன்.”

“ரெண்டாந்தேதி சனிக்கிழமையே வந்துடுது.”

“தெரியும். பத்தாந்தேதி ஞாயித்துக்கிழமை கட்டாயம்.”

“அன்னிக்குத்தான் வேணும் டீச்சர். மத்த நாளு அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை. முதல் பிரிவேளை மணி அடித்துவிட்டது.

“சரி, ஒரு தடவ பாத்துட்டாச்சும் போறேன்.”

“சாவி தலைவர்கிட்ட இருக்கு மேரி. அவர் வெளியூர்.”

சாவி என் கைப்பையில் இருந்தது.

“கவுத்துதான வச்சிருக்கீங்க?”

“ஆமாம்.”

பையை என்னிடம் கொடுத்தார். வேகவைத்த மல்லாட்டை. இன்னும் சூடு இருந்தது. அன்று மாலை அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நவம்பர் இரண்டு. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். விடுமுறை. தெருவெல்லாம் வெடித்த காகிதம். மிச்சப் பட்டாசு எங்கேயோ ஒன்று ஒன்றாக வெடித்துக்கொண்டிருந்தது. நான் ஹாலுக்குப் போனபோது நல்ல உச்சி வெயில்.

முதலில் எடுத்த படி ஓரத்தில் கிழிந்திருந்தது. சட்டம் போட்டு மாட்ட நல்ல படி ஒன்று வேண்டும். தனியாகவே எடுத்துவிடலாம் என்று போயிருந்தேன்.

படி எடுப்பது கடினமான வேலை இல்லை. கல்லைக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன் மேல் விரிக்க வேண்டும். பன்றிமுடித் தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. பாதி காய்ந்த பிறகு மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும்.

கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினேன். சேற்று வாடை வந்தது. மூன்று மாதமாக ஹாலுக்குள் காய்ந்து கிடந்த கல். சேறு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். பழைய கல் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

தாளை விரித்தேன். தூரிகையால் தட்ட ஆரம்பித்தேன்.

தட்… தட்… தட்… தட்…

நெற்றி வியர்வையைத் துடைக்க நிறுத்தினேன்.

தட்.

ஹால் காலியாக இருந்ததால் எதிரொலி என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். நிறுத்தினேன்.

தட்… தட்.

எதிரொலி இவ்வளவு தாமதமாக வராது.

பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடை. ஆனால் அன்று பூட்டியிருந்தது. வரும்போதே பார்த்திருந்தேன். குனிந்து கல்லுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு மரக்கட்டைகள். நடுவே வெறும் தரை. எலிகூட இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. தூரிகையைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் இரண்டு முறை தட்டினேன்.

இரண்டு முறை பதில் வந்தது.

ஒரு முறை தட்டினேன்.

ஒன்று.

ரயில் ஒன்று கடந்து போனது. ஜன்னல்கள் அதிர்ந்தன. நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் போன பிறகு அமைதி. எல்லாம் அதிர்வுதான் என்று சொல்லிக்கொண்டேன். வேலையை முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று தாளைப் பார்த்தேன்.

நடுவில் ஒரு குமிழி எழுந்திருந்தது.

கட்டை விரலால் அழுத்தினேன். நகர்ந்தது. மறுபடி அழுத்தினேன். அழுத்திய இடத்தில் இறங்கிப் பக்கத்தில் எழுந்தது. காற்று அப்படி நகரும். காற்று என்றால் குளிர்ந்திருக்கும்.

அது சூடாக இருந்தது.

பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. ஒரே அளவு. தாள் மெல்ல மெல்ல மேலே வந்தது. இழுத்துக் கட்டியது போல ஆனது. விளிம்பில் சிறு சிறு மேடுகள் தெரிந்தன.

விரல்கள்.

இரண்டு உள்ளங்கைகள். சின்னவை. கல்லின் பக்கமிருந்து தாளைத் தள்ளின. தள்ளின. விட்டன. மறுபடி தள்ளின…

தூரிகை என் கையிலிருந்து விழுந்தது.

அப்போது நான் தட்டாமலே சத்தம் வந்தது. வேகமாக. விடாமல்.

தட் தட் தட் தட்…

ஓடினேன்.

சத்தம் கூடவே வந்தது.

கல்லிலிருந்து இல்லை. தரையிலிருந்து. என் காலுக்கு அடியில். நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் நேர் கீழே.

தட்… தட்… தட்…

வாசற்படி.

தாண்டினேன்.

நின்றுவிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. கதவை இழுத்துப் பூட்டினேன். அதைச் செய்யும்போது உள்ளேயிருந்து வாசற்படியை ஒரே ஒருமுறை, மெதுவாகத் தட்டியது. கூப்பிடுவது போல.

எதிரே டீக்கடை. செருப்பில்லாமல் அங்கே போய் நின்றேன்.

“இன்னா டீச்சர், ஒத்த வெடிக்கே இப்படி ஓடியார்றீங்க?” என்றார் கடைக்காரர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாலையில் தென்னரசுவோடு போனேன். ஹாலில் சத்தம் இல்லை. தாள் காய்ந்து கல்லிலிருந்து பாதி பெயர்ந்திருந்தது. அதில் இரண்டு புடைப்புகள் இருந்தன.

“காத்துக் குமிழி. அவசரப்பட்டுட்டீங்க” என்றார். தண்ணீர் தெளித்து, தூரிகையால் அடித்து இரண்டையும் சமமாக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லை அன்றே கொண்டு போயிருக்கலாம். கல்லறைத் திருநாள் முடிய இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அழைப்பிதழ் போயாகிவிட்டது. மாவட்ட அதிகாரி வருவதாக இருந்தார்.

மரபு நாள் நன்றாக நடந்தது. பிள்ளைகள் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். கல் கல்லாக இருந்தது.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை கல்லைக் கொண்டு போனேன். தென்னரசு வரவில்லை, கடையில் வேலை என்றார். நான்கு பேர் இறக்கி, பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தார்கள். எல்லாக் கல்லறைகளிலும் பழைய மெழுகு உருகிக் காய்ந்திருந்தது. மேரி வைத்த சின்னக் கற்களுக்கு நடுவிலும் மெழுகு இருந்தது. மண்ணிலேயே ஏற்றியிருக்கிறார்.

மேரி கல்லருகே உட்கார்ந்தார். விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். காதை வைத்தார். எழுந்துகொண்டார்.

“இன்னிக்கு இருக்காது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வேலியோரம் போய்ச் செத்தைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

நான் சவரிராயனைப் பார்த்தேன்.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றார். “படிச்சவங்களாச்சே, கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

பிறகு சொன்னார். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழை. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜோஸ்வினுக்கு ஆறு வயது. மீன் பிடிக்கத் தூம்புக்குள் நுழைந்திருக்கிறான். மேலே இருந்த பலகைக் கல் சரிந்து வாயை மூடிக்கொண்டது. ஆட்கள் ஓடினார்கள். தண்ணீர் அழுத்தத்தில் கல் வாயோடு இறுகிவிட்டது, அசைக்க முடியவில்லை. ஜேசிபி வரவேண்டும். கரை சேறாக இருந்ததால் ஜேசிபி வழியில் மாட்டிக்கொண்டது.

“உள்ளேர்ந்து தட்னான்ங்க. எங்களுக்கெல்லாம் கேட்டுச்சி. இவ கல்லு மேல படுத்துக்கினு திருப்பித் தட்னா. அம்மா இங்கதான் கீறேன்னு தட்னா. இவ தட்டுனா அவன் தட்டுவான். ரொம்ப நேரம். தண்ணி உள்ள ஏறிக்கினே இருந்துச்சி. அப்பறம் மிஷின் வந்துச்சி. இவளத் தூக்கி இந்தாண்ட வச்சோம். நான்தான் ஒரு கையப் புடிச்சேன். இவ தட்றது நின்னுச்சி. கொஞ்ச நேரத்துல… உள்ளயும் நின்னுச்சி.”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கல்லத்தான் கேட்டா. எழுத்து இருக்கிற பக்கந்தான் அவன் கை பட்ட பக்கம். அது அவனப் பாத்து இருக்கட்டும்னா. கவுத்து வச்சோம்.”

“கல்லறைத் திருநாளுக்கு?”

“வருசா வருசம் அன்னிக்கு மதியம் இங்க வந்து தட்டுவா. அவன் திருப்பித் தட்றான்னு சொல்லுவா. எல்லாரும் பாவம்னு உட்டுட்டாங்க. நானும் ஒரு தடவ அவளோட நின்னேன்.”

“கேட்டுச்சா?”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேரியிடம் போனேன். சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் போகவில்லை.

“மேரி, ரெண்டாந்தேதி மதியம் நான் அந்தக் கல்ல தட்டினேன். படி எடுக்க.”

கையிலிருந்த செத்தையோடு நிமிர்ந்தார்.

“தட்னானா?”

“ஆமாம்.”

அவர் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க தட்னா மாரியேதான? ரெண்டுக்கு ரெண்டு?”

“ஆமாம். ரெண்டுக்கு ரெண்டு.”

“அப்படித்தான் தட்டுவான். அதான் இங்க சத்தமே இல்ல. நான் மண்ணத் தட்டிப் பாத்துக்கினே இருந்தேன். அங்கதான் இருந்திருக்கான்.” மூச்சு வாங்கினார். “அப்பறம்? நீங்க?”

“ஓடிட்டேன்.”

மேரி செத்தையை வேலிக்கு அப்பால் போட்டார். கைகளைத் தட்டிக்கொண்டார்.

“பயந்திருப்பான்” என்றார்.

அடுத்த நவம்பர் இரண்டாம் தேதிக்கு நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பங்குச் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, மதிய வெயிலில் மேரி உட்கார்ந்து தட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டினார். காத்திருந்தார். தட்டினார். விரல் முட்டி சிவந்தது. பொழுது சாய்ந்தது.

எதுவும் கேட்கவில்லை.

கல் அங்கேதான் இருந்தது. கவிழ்ந்துதான் இருந்தது.

மேரி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவன எங்க உட்டுட்டு வந்தீங்க டீச்சர்?”

அப்போதுதான் அந்தச் சத்தம் தரைக்கு அடியில் என்னோடு ஓடி வந்ததையும், வாசற்படியில் நின்றதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“என்னக் கூட்டிக்கினு போங்க அங்க.”

அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஹால் இல்லை. ஜனவரியில் நாங்கள் காலி செய்தோம். வீட்டுக்காரர் தரையோடு பெயர்த்து இடித்துவிட்டார்.

அதன் பிறகு இடிபாடு போன வழியைத் தேடினேன். எங்கள் வேலையே அதுதானே, ஒரு கல் எங்கிருந்து எங்கே போனது என்று விசாரிப்பது. லாரி ஓட்டிய பிரவீன்குமார் என்ற பையனைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

“தரை, வாசப்படி எல்லாம் ஒரே லோடு டீச்சர். ஊருக்கு வெளிய ஒரு மனை பள்ளமா இருந்துச்சி. அதுல ரொப்பிட்டேன்” என்றான். “இப்ப அங்க வீடு கட்டிக் குடி வந்துட்டாங்க. இன்னா டீச்சர், புதையலா?”

போனேன். புது வீடு. வாசலில் திருஷ்டிப் பூசணி. வெண்ணிலா என்ற இளம்பெண் கதவைத் திறந்தார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், வரலாற்று மன்றம், பழைய பொருட்கள் கணக்கெடுப்பு என்றேன்.

“புது வீட்டுல வந்து பழைய பொருள் தேடறீங்களே டீச்சர். என் வீட்டுக்காரரு ஸ்கூட்டர் இருக்கு, பரவால்லியா?” என்று சிரித்தார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

நான் கூடத்தில் நின்றேன். ஓர அறையின் கதவு திறந்திருந்தது. நான்கு வயதுக் குழந்தை ஒன்று டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்திருந்தது. கையில் ஒரு ஸ்பூன். தரையை இரண்டு முறை தட்டியது. கன்னத்தைத் தரையில் வைத்தது. காத்திருந்தது.

பிறகு சிரித்தது. மறுபடி தட்டியது.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தூரத்துக்கு நான் போகவில்லை.

“இசைவாணி, எழுந்திரு” என்றார் வெண்ணிலா தண்ணீரோடு வந்து. “குடி வந்ததுலேர்ந்து இப்படித்தான் டீச்சர். எத்தினி பொம்மை வாங்கிக் குடுத்தாலும் தரையத்தான் தட்டிக்கினு கெடக்கும். ராத்திரி இழுத்துக்கினு வந்து படுக்க வைக்கிறதே பேஜாரு.”

வெளியே வந்து மேரிக்குப் போன் செய்தேன். பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. வயலில் இருந்திருப்பார்.

“அந்தப் புள்ள திருப்பித் தட்டுதா?” என்றார்.

“தட்டுது.”

“ஓடலியே?”

“இல்ல மேரி.”

“அங்க வீட்டு வேலைக்கு ஆள் வேணுமான்னு கேளுங்க டீச்சர்.”

கேட்டேன். வேண்டியிருந்தது. சேர்த்துவிட்டது நான்தான். மேரி இப்போது தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். சம்பளம் வயல் கூலியைவிடக் குறைவு. அதைச் சொன்னபோது அவர் காதிலேயே வாங்கவில்லை. ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து வேலைக்கு வருகிறார் என்று வெண்ணிலா கேட்டார். கஷ்டம் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

போன வாரம் வெண்ணிலாவைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

“நல்ல ஆளா குடுத்தீங்க டீச்சர். கை சுத்தம், வாய் பேசறதே இல்ல. பாப்பாவும் ஒட்டிக்கிச்சி” என்றார். “ஒண்ணுதான். தரை தொடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கிறாங்க. எல்லா ரூமும் இல்ல, அந்த ஓரத்து ரூமு மட்டும். கதவச் சாத்திக்கிறாங்க.”